டிகாஷனைத் திட்டுமுன் தூளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 21 உலகத் தேயிலை நாளையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஆசியத் தேநீர் மரபுகள் பற்றி வந்த கட்டுரையை டீ மாஸ்டர்களான நாங்கள் படித்தோம். ஜப்பானியர் சடங்கு, சீனர் கிண்ணம், திபெத்து வெண்ணெய்த் தேநீர் என்று நல்ல செய்திகளைத் தொகுத்திருந்தார்கள். கடைசிப் பத்திதான் உறுத்தியது. நல்ல தேநீருக்கு 80 டிகிரிக்கு மேல் தண்ணீர் ஆகாதாம். நம்மூர் டீக்கடையில் தூளைக் கொதிநீரில் சாகடித்துப் பாலில் மறைத்து விற்கிறார்களாம். தேநீர்ப் பண்பாடு என்று சொல்ல இங்கே ஒன்றும் இல்லையாம்.

அதை நம்பி வீட்டு டீத்தூளை 80 டிகிரி வெந்நீரில் போட்டுப் பார்த்தவர்களுக்கு மங்கிய நிறமும் சப்பென்ற ருசியும்தான் கிடைத்திருக்கும். தவறு அவர்களுடையது அல்ல. பச்சைத் தேயிலைக்கு உரிய விதியைக் கறுப்புத் தூளின் தலையில் கட்டியதால் வந்த வினை.

செடி ஒன்றுதான். பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைத்தால் இலை கறுப்பது நின்றுவிடும். ஜப்பானியர் வழி அது. அதையே சூடான இரும்புச் சட்டியில் புரட்டி எடுப்பது சீனர் வழி. இரண்டும் பச்சைத் தேயிலை. பாதி கறுக்கவிட்டு நிறுத்தினால் ஊலாங். முழுக்கக் கறுக்கவிட்டால் நாம் குடிக்கும் சாதாக் கறுப்புத் தேயிலை. அதிலும் நம் கடைகளுக்கு வருவது சி.டி.சி. தூள். பல் வைத்த இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற, நடுவில் இலை நசுங்கிக் கிழிந்து குறுணையாகச் சுருளும். 1930களில் அசாமில் வந்த இந்த முறை, நிறமும் கடுப்பும் சட்டென்று இறங்க வேண்டும், பால் ஊற்றினாலும் ருசி தாங்க வேண்டும் என்பவர்களுக்கு வாகாக அமைந்தது. மூட்டையில் பி.டி., ஆர்.டி., எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. என்று அச்சிட்டிருப்பதெல்லாம் அந்தக் குறுணையைச் சலித்தால் கிடைக்கும் பொடியின் ரகங்கள். இந்தப் பொடிக்குத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் வேண்டும். குறைந்தால் நிறமும் மங்கும், உறைப்பும் வராது.

பச்சைத் தேயிலை நேர்மாறு. கொதிநீர் பட்டால் கசப்பு முந்திக்கொண்டு இறங்கும். இனிப்பான சாரம் அதற்கடியில் அமுங்கிப் போகும். அதனால் ஜப்பானின் அன்றாடப் பச்சைத் தேயிலையான செஞ்சாவுக்கு 70 முதல் 80 டிகிரி. பறிப்பதற்கு மூன்று வாரம்போல முன்னரே நிழல் கட்டி வளர்க்கும் கியோகுரோவுக்கு 50, 60 டிகிரியே போதும், இரண்டு நிமிடம் ஊறட்டும். நைசாக அரைத்த பச்சைத் தேயிலையான மாட்சா என்றால் 2 கிராம் பொடியைச் சலித்து, 80 டிகிரி தண்ணீர் 70 மில்லி விட்டு, மூங்கில் துடைப்பத்தால் கிண்ணத்தின் அடியைத் தொடாமல் வேகமாக அடிக்க வேண்டும். சலிக்காமல் விட்டால் கட்டி தட்டும், எவ்வளவு அடித்தாலும் கரையாது. வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: கொதிநீரைக் குளிர்ந்த பாத்திரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். இரண்டு மாற்று மாற்றினால் செஞ்சாவுக்குச் சரி. ஜப்பானியர் இதற்கென்றே தனிக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள்.

சீனாவுக்கும் 80 டிகிரி பொது விதி அல்ல. தென்சீனத்தின் சாவோசோ பகுதியில் ஊலாங் போடும் முறையைப் பாருங்கள். 100 மில்லி மூடிக் கிண்ணத்தில் 5 முதல் 7 கிராம் இலை. ஊற்றுவது அப்போதுதான் கொதித்த தண்ணீர். முதல் தண்ணீரை இலையைக் கழுவி உடனே கொட்டிவிடுவார்கள். அடுத்த தண்ணீருக்கு 10, 15 விநாடி. பிறகு ஒவ்வொரு தடவைக்கும் சற்றுக் கூட்டிக்கொண்டே போனால் அதே இலை ஆறு ஏழு முறை வரை சாரம் தரும். அங்கே வெப்பத்தைக் குறைப்பதில்லை, நேரத்தைக் குறைக்கிறார்கள். நம் பொடியை அப்படி ஏழு தடவை பிழிய முடியாது. முதல் தண்ணீரிலேயே பெரும்பங்கு இறங்கிவிடும். மாஸ்டர்கள் 'ரெண்டாம் தண்ணி'யை வெறுப்பது அதனால்தான். அதில் வருவது சாயமும் துவர்ப்பும் மட்டுமே.

இனி நம் பாய்லருக்கு வருவோம். துருக்கியில் வீட்டுக்கு வீடு இரண்டடுக்குக் கெட்டில் இருக்கும். கீழடுக்கில் தண்ணீர் கொதிக்கும்; மேலடுக்கில் கெட்டி டிகாஷன் அந்த ஆவிச் சூட்டிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் ஊறும். கண்ணாடிக் குவளையில் டிகாஷனைக் கொஞ்சம் விட்டு, குடிப்பவர் விருப்பப்படி கீழடுக்கு வெந்நீரைக் கலப்பார்கள். ஈரானியர் சமோவார் என்னும் வெந்நீர்க் கொதிகலத்தின் உச்சியில் தேநீர்ப் பானையை உட்கார வைப்பதும் இதே ஏற்பாடுதான். அங்கே கற்கண்டுபோல் வெட்டிய சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பாய்லர் வைத்த கடை எதில் வேறு? கீழே கொதிநீர், மேலே டிகாஷன், குவளையில் கலப்பு, 'ஸ்ட்ராங்', 'லைட்' என்று கேட்டு வாங்கும் உரிமை, எல்லாம் உண்டு. வெந்நீருக்குப் பதில் பால், அவ்வளவே. துருக்கி, அசர்பைஜான் தேநீர்ப் பண்பாட்டை 2022இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதைக் கட்டுரையில் பெருமையாகச் சொன்னவர்கள், அதே தொழில்நுட்பம் தெருமுனையில் நிற்பதைக் கவனிக்கவில்லை.

துணிப் பையும் அப்படித்தான். ஹாங்காங்கில் நீளத் துணிப் பையில் தூளைப் போட்டு, இரண்டு பானைகளுக்கு இடையே தேநீரை மாற்றி மாற்றி ஊற்றி, ஆவியாக்கிக் கெட்டியாக்கிய பாலோடு தருவார்கள். அங்குள்ள மாஸ்டர்கள் வாசனைக்குப் பெரிய இலையும் நிறத்துக்குப் பொடியும் கலப்பது தொழில் ரகசியம். அதை இங்கேயும் செய்து பார்க்கலாம்: மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு நீலகிரி உயரத் தோட்டத்து இலைத்தூள் சேர்த்தால் மணம் கூடும், விலையும் கையைக் கடிக்காது. மலேசியாவின் 'தே தாரிக்', இங்கிருந்து போன தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் வளர்ந்தது. பொடித்தேயிலை, துணிப் பை, கண்டென்ஸ்டு மில்க், ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி ஆற்றுதல். அங்கே அது நாட்டின் பெருமை. இங்கே ஆற்றினால் 'ரோட்டுக்கடை டீ'.

சரியான டிகாஷனுக்குக் கணக்கு இதுதான். 100 மில்லி குவளைக்கு இரண்டரை கிராம் தூள். இருபது டீக்கு 50 கிராம் தூளும் 600 மில்லி கொதிநீரும். தூள் தானே 150 மில்லிக்கு மேல் குடித்துக்கொள்ளும். கைக்கு வருவது 400 மில்லிக்குச் சற்றே கூடுதல். ஒரு குவளைக்கு 20 மில்லி டிகாஷன், மீதி பால். தண்ணீரைப் பையின் நடுவில் ஒரே இடத்தில் கொட்டினால் தூளில் குழி விழுந்து அந்த வழியாகவே ஓடிவிடும், ஓரத்துத் தூள் வேகாது. வட்டமாக, மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். இறங்கிய டிகாஷனை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை அதே பையில் திரும்ப ஊற்றலாம். மொத்தம் மூன்று நான்கு நிமிடத்தில் பையைத் தூக்கிவிட வேண்டும். கெடுவது இங்கேதான். பை டிகாஷனுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும், நாக்கு இழுக்கும், அதை அடக்கச் சர்க்கரை கூடும். கட்டுரையாளர் குடித்தது அநேகமாக அப்படியொரு டீயாக இருக்கும். அதற்கு முறையைக் குறை சொல்ல முடியாது. ஒரு பானை டிகாஷனை அரை மணி நேரத்துக்குள் தீர்க்கும் அளவுக்குப் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது. காலை ஆறு மணிக்கு இருபது டீக் கணக்கு, மத்தியானம் மூன்று மணிக்கு எட்டு டீக் கணக்கு என்று பானையைச் சிறிதாக்குவதுதான் மாஸ்டரின் கைத்திறன்.

பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுக் காடாத் துணியில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் கொதிக்க வைத்துப் பிழிந்து, ஒரு தடவை பழைய தூளில் ஊறவைத்த பிறகே தொழிலுக்கு எடுக்க வேண்டும். சோப்பு ஆகவே ஆகாது. வாசனை நாள் கணக்கில் போகாது. இரவு தூளோடு மூலையில் போட்டுவிட்டுப் போனால் காலையில் புளித்த வாடை அடிக்கும். கொதிநீரில் அலசி, உதறி, காற்றில் தொங்கவிட வேண்டும். நூல் பிரிந்த பையில் பொடி இறங்கிக் குவளை அடியில் மண்டி நிற்கும்.

பாலுக்கு வருவோம். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. பச்சை என்றால் லிட்டருக்கு 200 மில்லி தண்ணீர் தாங்கும். ஆரஞ்சு என்றால் 300 வரை விடலாம். நீலத்தில் தண்ணீரே வேண்டாம். பாலில் உள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால்தான் கெட்டி டிகாஷனும் நாக்குக்கு இதமாகிறது. மறைப்பதற்காகப் பால் விடுகிறோம் என்பது தெரியாமல் சொல்லும் பேச்சு. ஆனால் அதே பாலை மணிக்கணக்கில் அடுப்பில் கிடத்தினால் காய்ந்த வாடை ஏறி, எந்தத் தூளையும் அமுக்கிவிடும்.

இஞ்சி டீயில் பால் திரிகிறது என்று பலர் பாலைச் சந்தேகிக்கிறார்கள். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் அது செத்துவிடும், பிறகு பால் விட்டால் திரியாது. வெல்லம் என்றால் அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். வடநாட்டார் வாழும் சௌகார்பேட்டைப் பக்கம் வீடுகளில் தண்ணீர், பால், தூள், ஏலக்காய் எல்லாவற்றையும் ஒன்றாகக் காய்ச்சுவார்கள். அதற்குப் பொடி சரிவராது, குறுணைத் தூள் வேண்டும். பொடியைக் காய்ச்சினால் சாந்துபோல் கறுத்துக் கடுக்கும். வடகத்தி டீ வீட்டில் வரவில்லை என்பவர்கள் தூள் ரகத்தை மாற்றிப் பாருங்கள்.

நீண்ட நேரம் கொதிப்பது எல்லா இடத்திலும் தப்பு என்றும் இல்லை. காஷ்மீரின் நூன் சாய்க்கு இரண்டு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி பச்சைத் தேயிலையும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டு, பாதியாக வற்றும்வரை கொதிக்க விடுவார்கள். பின் குளிர்ந்த தண்ணீரை விட்டுக் கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றினால் காற்றுப் பட்டு ரத்தச் சிவப்பாகும். அதில் பால் சேர்ந்தால் ரோஜா நிறம். உப்புப் போட்டுக் குடிப்பது. கறுப்புத் தூளில் அந்த நிறம் வரவே வராது, சோடா கூடினால் சோப்பு ருசி வந்துவிடும். திபெத்திலும் லடாக்கிலும் கட்டியாக அழுத்திய அச்சுத் தேயிலையை மணிக்கணக்கில் காய்ச்சி, வெண்ணெயும் உப்பும் சேர்த்து நீளக் குழாயில் கடைவார்கள். அந்தக் குளிருக்குக் கொழுப்பு வேண்டும். மங்கோலியரும் உப்பும் பாலும் கலந்துதான் குடிக்கிறார்கள். பால் விட்டால் ஆசிய மரபு இல்லை என்பவர்கள் இவர்களையெல்லாம் எங்கே வைப்பார்கள்? எட்டாம் நூற்றாண்டிலேயே சீனத்தில் தேநீர் பற்றி நூல் எழுதிய லூ யூ, தேநீரில் இஞ்சி, வெங்காயம், ஆரஞ்சுத் தோல் போட்டுக் காய்ச்சுபவர்களைக் கடிந்துகொண்டார். தாம் மட்டும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொண்டார். இந்தச் சண்டை பழையது.

அதே லூ யூ தண்ணீரையும் தரம் பிரித்தார்: மலை ஊற்று முதல், ஆறு நடு, கிணறு கடை. வடசென்னைக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு இல்லை. கடலோரம் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர், மீஞ்சூர் வரை நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடக்கிறது. போர்வெல் தண்ணீரில் டீ போட்டால் மேலே எண்ணெய்போல் ஒரு படலம் மிதக்கும், குவளையின் ஓரத்தில் பழுப்பு வளையம் ஒட்டும், நிறம் செம்மை இழந்து கறுக்கும். தூளில் கலப்படம் என்று வாடிக்கையாளர் கோபிப்பார். உண்மையில் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் தேயிலைத் துவர்ப்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். படலம் விலகினால் குற்றவாளி தண்ணீர்தான். புழல் ஏரித் தண்ணீரானாலும், 2010 முதல் வரும், கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலைத் தண்ணீரானாலும், மெட்ரோ வாட்டரே டீக்கு உகந்தது. குளோரின் வாடை அடித்தால் மூடியைத் திறந்து கொதிக்க விட்டால் போகும். பாய்லர் தொட்டியில் வெள்ளைப் படிவு ஏறினால் 10 லிட்டருக்கு 100 கிராம் லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) போட்டுக் கொதிக்க வைத்து, அரை மணி விட்டுக் கொட்டி, இரண்டு முறை அலசுங்கள். படிவோடு விட்டால் கேஸும் கூடுதலாகும். நாள் முழுவதும் கொதித்து வற்றிய மிச்சத்தின் மேலேயே புதுத் தண்ணீர் விடும் பழக்கமும் வேண்டாம். இரவில் தொட்டியைக் காலி செய்யுங்கள்.

இலங்கை, பர்மா பற்றி ஒரு வரிகூட இல்லாததையும் சொல்ல வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் போட்ட தோட்டத்திலிருந்து வளர்ந்த இலங்கைத் தேயிலை, தமிழகத்திலிருந்து போன தொழிலாளர் கையால் வளர்ந்தது. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதுவே. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய வியாசர்பாடியில் பர்மிய நூடுல்ஸான அத்தோவைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்த நாட்டில் தேயிலையைத் தின்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. தளிர் இலையை ஆவியில் வேகவைத்து, அழுத்தி மூடி மாதக் கணக்கில் புளிக்கவிட்டு எடுப்பது லபெட். வறுத்த வேர்க்கடலை, எள், பொரித்த பூண்டு, பருப்பு, முட்டைக்கோஸ், தக்காளி, காய்ந்த இறால், எலுமிச்சையோடு பிசைந்து தருவார்கள். இரவில் தின்றால் தூக்கம் வராது, தேயிலை முழுசாக வயிற்றுக்குள் போகிறதல்லவா.

எங்கள் தொழிலில் குற்றமே இல்லை என்று வாதாட வரவில்லை. இரண்டு விஷயங்களில் கட்டுரையாளர் திட்டியிருக்க வேண்டும், திட்டவில்லை.

ஒன்று, கட்டு டீ. பிளாஸ்டிக் கவரில் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றி நூலால் கட்டிக் கொடுப்பது. 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது. இரண்டும் இன்னும் புழங்குகின்றன. காகிதக் கோப்பையின் உள்பூச்சும் பிளாஸ்டிக்தான். ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வு, 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் இறங்குவதாகச் சொல்கிறது. ஆர்டர் கொடுக்கும் பட்டறைகளும் அலுவலகங்களும் தூக்கோ பிளாஸ்கோ கொடுத்தனுப்பட்டும். பிளாஸ்கை முதலில் கொதிநீர் விட்டுச் சூடாக்கிக் கொட்டிவிட்டு டீயை ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கப் போகிறதென்றால் டிகாஷனையும் பாலையும் தனித்தனியாக வாங்கி அங்கே கலந்துகொள்வது நல்லது. குடிக்கும் சூடும் கவனம்: 65 டிகிரிக்கு மேலான பானத்தை வழக்கமாகக் குடிப்பது புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்று 2016இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எச்சரித்திருக்கிறது. உயரத் தூக்கி ஆற்றுவது நுரைக்கு மட்டுமல்ல, இதற்கும்தான். 'ஆத்தாம கொடு' என்று கேட்பவர்கள் யோசிக்கட்டும்.

இரண்டு, சாயம். கழிவுத் தூளைக் காயவைத்துச் சாயம் ஏற்றி மலிவு விலைக்குத் தலையில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு குவளை பச்சைத் தண்ணீரில் சிட்டிகை தூளைத் தூவுங்கள். நல்ல தூள் மெதுவாகத்தான் நிறம் விடும். சாயத்தூள் விழுந்ததும் கோடு கோடாக இறங்கும். ஈரமான வடிதாளில் தூவி, ஐந்து நிமிடம் கழித்துக் குழாயில் கழுவினால் கறை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். காந்தத்தை ஓட்டினால் இரும்புத் துகள் ஒட்டும். கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பயன்படுத்திய தூளை மூட்டையாக விலைக்குக் கேட்டு வருபவரிடம் கொடுக்காதீர்கள். செடிக்கோ மாநகராட்சி மக்கும் குப்பைக்கோ ஈரத்தோடு போகட்டும். ஆறிய டிகாஷன் கலங்கினால் மட்டும் பயப்பட வேண்டாம். கெட்டியான நல்ல தேயிலை ஆறினால் கலங்கும், கொதிநீர் விட்டால் தெளியும்.

ஆகவே வரும் இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். 80 டிகிரி என்பது பச்சைத் தேயிலைக்கு. கடைத் தூளுக்கும் ஊலாங்குக்கும் கொதிநீரே. இடமிருந்தால் மேலே உள்ள தூள், தண்ணீர், நேரக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
டீ மாஸ்டர்கள் சிலர்,
ராயபுரம் – பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை.